ஏரி திறப்பதற்குள்: வீடும் பட்டறையும் ஒன்றாக இருப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

முன்னால் லேத், பின்னால் சமையலறை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், படப்பை வழியாக முடிச்சூர் வரை இப்படிப்பட்ட பட்டறைகள் ஏராளம். பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்யும் கம்பெனிக்கு புஷ் கடைந்து கொடுப்பவர், ஃபிக்ஸர் செய்பவர், வெல்டிங் போடுபவர், குன்றத்தூர்ப் பக்கம் தறி ஓட்டுபவர். இவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் சோறும் தொழிலும் ஒரே ராத்திரியில் போகும்.

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறந்தார்கள். லிட்டரில் சொன்னால் வினாடிக்கு எட்டு லட்சம். வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் ஆட்களைப் படகில் ஏற்றினார்கள். ஈக்காட்டுதாங்கலில் அடையாற்றங்கரைப் பட்டறைகள் முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அதே கதி. இரண்டு முறையும் மிஷினைக் காப்பாற்றப் போய் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எதை விட வேண்டும், எதைத் தூக்க வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு தண்ணீரில் சாகாது. லேத் பெட், சக், கியர் எல்லாம் மூன்று நாள் முழுகிக் கிடந்தாலும் கழுவி எண்ணெய் போட்டு மீட்டுவிடலாம். மோட்டார், பேனல் போர்டு, அளவுக் கருவி, டிராயிங், கணக்கு, மற்றவர் கொடுத்து வைத்த பொருள் ஆகியவைதான் போகும். இவை அத்தனையையும் ஒரு டாடா ஏஸில் ஏற்றிவிடலாம்.

செய்ய வேண்டியவை

இன்றைக்கே, மழை இல்லாத நாளிலேயே:

- உங்கள் பட்டறைக்கு எந்த ஏரித் தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "செம்பரம்பாக்கம் திறந்தால் சொல்வார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். செம்பரம்பாக்கத்துக்கு மதகு உண்டு, திறப்பதற்கு முன் கலெக்டர் ஆபீஸிலிருந்து எச்சரிக்கை வரும். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று ஊர்ப் பெயரோடு அறிவிப்பார்கள். ஆனால் மணிமங்கலம், ஆதனூர், படப்பை, ஒரத்தூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் கலங்கல் வழியாகத் தானே வழிந்து அடையாற்றில் சேரும். அதற்கு யாரும் மதகைத் திறக்க வேண்டாம், யாரும் சங்கு ஊதவும் மாட்டார்கள். வரதராஜபுரத்தை முதலில் நனைப்பது இந்தத் தண்ணீர்தான். ஆகவே உங்கள் ஊர் ஏரியின் கலங்கலுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். வழிகிற தண்ணீர் எந்தக் கால்வாயில் இறங்கி எங்கே போகிறது என்று பெரியவர் ஒருவரைக் கேளுங்கள்.

- 2015 தண்ணீர்க் கோட்டைச் சுவரில் பெயிண்டால் குறியுங்கள். அந்த உயரத்துக்கு மேல் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் பரண். நீங்கள் அதற்குப் பிறகு குடிவந்தவர் என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். மனை விற்றவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

- தூக்க வேண்டிய பொருள்களைப் பட்டியல் எழுதி ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஐஸ்லாந்தில் கிரிண்டாவிக் என்று ஒரு மீனவ ஊர். 2023 நவம்பர் 10 ராத்திரி, அடியில் எரிமலைக் குழம்பு நகர்கிறது என்று ஊரையே காலி செய்தார்கள். பிறகு பொருள் எடுத்து வரச் சில நிமிஷம் மட்டும் வீட்டுக்குள் விட்டார்கள். எரிமலையோ ஏரியோ, அந்தச் சில நிமிஷத்தில் மூளை வேலை செய்யாது. கை போன திசையில் எடுத்துக்கொண்டு வருவோம். பட்டியல் இருந்தால் கை அதன்படி போகும்.

- மிஷின் ஒவ்வொன்றின் பெயர்ப் பலகையையும் சீரியல் நம்பரோடு போட்டோ எடுங்கள். பில், உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி பதிவு, இபி கார்டு, வாடகை ஒப்பந்தம், லோன் பேப்பர் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, வெளியூரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்கள் போன் நனைந்தாலும் அவர்களிடம் இருக்கும்.

- பாலிசியைத் தேடி எடுத்து, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று படியுங்கள். சிறு பட்டறைகளுக்கென்று 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. 5 கோடி ரூபாய் மதிப்பு வரை உள்ள தொழிலுக்கு எடுக்கலாம், வெள்ளமும் அதில் அடக்கம். ஜாப் ஒர்க்குக்கு வந்த கஸ்டமர் மெட்டீரியல் உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்பதை ஏஜென்டிடம் தனியாகச் சொல்லி எழுத வையுங்கள். சொல்லாமல் விட்டால் அது உங்கள் கணக்கில் வராது, நஷ்டம் மட்டும் உங்கள் தலையில் வரும்.

- சிஎன்சி வைத்திருப்பவர்கள் பாராமீட்டரையும் புரோகிராமையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மிஷினைச் சரிசெய்த பிறகும் இது இல்லாமல் வாரக்கணக்கில் சும்மா நிற்க வேண்டி வரும்.

- போனில் நான்கு நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, தீயணைப்பு 101, மின்னகம் 94987 94987. அரசின் டிஎன்-அலர்ட் ஆப்பும் இருக்கட்டும்.

ரெட் அலர்ட் வந்ததும், அதாவது ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று வானிலை மையம் சொன்னதும்:

- ஓடுகிற ஜாப்பை முடித்து நிறுத்துங்கள், புதிதாக ஏற்றாதீர்கள். கஸ்டமருக்கு உடனே போன் போட்டு "சார், தண்ணீர் வரும்போல இருக்கு, மெட்டீரியலை மேலே ஏத்துறேன்" என்று சொல்லுங்கள், அதையே மெசேஜாகவும் அனுப்புங்கள். 2015 டிசம்பரில் ஹூண்டாயும் ரெனால்ட்-நிசானும்கூட உற்பத்தியை நிறுத்தின. நீங்கள் நிறுத்துவது குற்றம் இல்லை. சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆர்டரைக் கெடுக்கும்.

- மெயினை ஆஃப் செய்து, ஃபீஸ் கேரியரைப் பிடுங்கிப் பையில் போட்ட பிறகே வேறு எதையும் தொடுங்கள். தரை காய்ந்திருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

- மோட்டாரைக் கழற்றுங்கள். மூன்று ஹெச்பி லேத் மோட்டாரை இரண்டு பேர் அரை மணியில் இறக்கிவிடலாம். ஒயரைப் பிரிப்பதற்கு முன் கனெக்ஷனைப் போட்டோ எடுங்கள். திரும்பி மாட்டும்போது எது எந்த ஃபேஸ் என்று தடுமாற வேண்டியிருக்காது. கழற்ற நேரமில்லையா, ஸ்டார்ட்டரையும் பேனலில் உள்ள டிரைவையும் மட்டுமாவது எடுங்கள்.

- வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ், ஸ்லிப் கேஜ், மாஸ்டர் பீஸ் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு உங்கள் மடியில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இத்தனை வருஷத் துல்லியமும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. சேற்றுத் தண்ணீர் புகுந்த மைக்ரோமீட்டர் பழைய அளவைச் சொல்லாது.

- கனமான டை, ஃபிக்ஸரைச் செயின் பிளாக்கால் தூக்கித் தொங்கவிடுங்கள், அல்லது ஹாலோ பிளாக் அடுக்கி மேலே வையுங்கள். தூக்க முடியாத மிஷினுக்கு பெட், ஸ்பிண்டில், லீட் ஸ்க்ரூ மூன்றிலும் கிரீஸை அள்ளிப் பூசுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம்.

- தறி வைத்திருப்பவர்கள் பாவைச் சுருட்டி உத்திரத்தில் கட்டுங்கள். குழித்தறியில் வாசலுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே குழியில் ஊறிவிடும். பட்டுநூலும் ஜரிகையும் முதலில், ஜக்கார்டு அட்டை அடுத்தது. அட்டை ஊறிவிட்டால் அந்த டிசைனே போனது போல.

- வெல்டிங் பட்டறையில் கார்பைடு டப்பாவை எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியேற்றுங்கள். கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் கிளம்பும், ஒரு பொறி போதும். ஆக்ஸிஜன், அசிட்டிலீன் சிலிண்டர்களின் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, தொப்பி மாட்டி, நிற்கவைத்துச் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். வீட்டு காஸ் சிலிண்டர் மிதக்கும், அதையும் கட்டுங்கள். வேஸ்ட் ஆயில் டிரம்மும் மிதக்கும். அது கவிழ்ந்தால் உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து பக்கத்து வீட்டுக் கிணறு வரை எண்ணெய்ப் படலம்தான்.

- பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறவர்கள் சயனைடு உப்பையும் ஆசிடையும் வெவ்வேறு வண்டியில் அனுப்புங்கள். இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு, தண்ணீர் அவற்றைக் கலக்கத்தான் செய்யும். அனுப்ப முடியாவிட்டால் எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று 101இல் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மீட்க வருகிறவர்கள் உயிர் அது.

- அலுமினியம் காஸ்டிங் போடுகிறவர்கள் உலையை அன்றைக்கே அணைத்து, உலோகத்தை அச்சில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். உருகிய உலோகத்துக்கு அடியில் தண்ணீர் சிக்கினால் நொடியில் நீராவியாகி வெடிக்கும்.

- பட்டறையில் தங்கி வேலை செய்கிற ஒடிசா, பீகார் பையன்களை உங்கள் குடும்பத்தோடு சேர்த்து எண்ணுங்கள். அறிவிப்பு தமிழில் வரும், அவர்களுக்குப் புரியாது. ஆதாரையும் போனையும் எடுத்துக்கொண்டு உங்களோடு வரச் சொல்லுங்கள். அந்த வாரச் சம்பளத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள்.

- வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடானாலும் குன்றத்தூர்–ஸ்ரீபெரும்புதூர் ரோடானாலும், தண்ணீர் ஏறியபின் பள்ளம் எது பாலம் எது என்று தெரியாது. போகிற வழியை இன்றைக்கே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

- தண்ணீர் வாசற்படி ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. 2020இல் நிவர் புயலின்போது 22 அடி தொட்டதும் நவம்பர் 25 மதியம் மதகைத் திறந்தார்கள், முதலில் 1,000 கனஅடிதான். அன்று எல்லோருக்கும் நேரம் கிடைத்தது. 2015இல் அந்த நேரம் கிடைக்கவில்லை. எந்த வருஷம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

- தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். மூன்று ஃபேஸ் கனெக்ஷன் மன்னிக்காது. ஆஃப் செய்ய மறந்து தண்ணீர் வந்துவிட்டதா, விட்டுவிட்டு வெளியே வந்து மின்னகத்துக்குப் போன் பண்ணுங்கள்.

- யாரையும் காவலுக்கு வைக்காதீர்கள். "ஒரு பையன் மட்டும் இருக்கட்டும், திருட்டு போயிடும்" என்று சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். போகட்டும். காப்பரையும் ஸ்கிராப்பையும் மறுபடி வாங்கலாம். ஒரு பையனின் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

- அப்பா வரமாட்டேன் என்றால் அவரோடு வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள். நாற்பது வருஷம் அந்த லேத்துக்கு முன்னால் நின்றவருக்கு அதை விட்டு வருவது பெற்ற பிள்ளையை விட்டு வருவது மாதிரி. எனக்குத் தெரிந்த ஒரு பழைய டர்னர் 2015இல் மிஷினோடுதான் இருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். மகன் அளவுக் கருவி டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்து, "அப்பா, இதை நீங்கதான் பத்திரமா கொண்டு வரணும், என்னை நம்பிக் கொடுக்காதீங்க" என்றான். எழுந்து வந்துவிட்டார். பெரியவர் கையில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.

- எடுக்க மறந்ததற்காகத் திரும்பிப் போகாதீர்கள். எத்தனை விலையானாலும் சரி. பட்டியலில் இல்லாதது உங்களுக்குத் தேவையில்லாதது.

- தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள். இரண்டடித் தண்ணீர் காரையே மிதக்கவைக்கும். பாரம் ஏற்றிய ஏஸ் கவிழ்ந்தால் ஏற்றியதும் போகும், ஓட்டியவரும் போவார்.

- ஜெனரேட்டரை மூடிய அறைக்குள் ஓட்டாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும்.

- ஆடு, மாடு, நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வராதீர்கள். கூட்டிக்கொண்டு போக முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள்.

- "ஏரி உடைந்துவிட்டது" என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பதறி ஓடாதீர்கள், அடுத்தவருக்கும் அனுப்பாதீர்கள். 1077க்குப் போன் போட்டு உறுதி செய்யுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் இன்னும் பலர் கை சுட்டுக்கொள்கிறார்கள். அதனால் இவையும்:

- மோட்டார் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். நனைந்த காயில் அப்போதுதான் எரியும். கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஓவனில் காயவைத்து, மெக்கர் வைத்துப் பார்த்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். ரீவைண்டிங் கடைக்காரருக்கு அந்த வாரம் கூட்டம் இருக்கும், இருந்தாலும் பொறுத்திருங்கள். வீட்டு ஒயரிங்கையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள்.

- சேறு காயும்வரை மிஷினை விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே கழுவினால் வந்துவிடும், காய்ந்தால் சேற்றோடு துருவும் இறுகும். கழுவித் துடைத்து டீசல் போட்டு, பிறகு எண்ணெய்.

- பெட் வழிகளில் ஏறிய துருவை எமரி பேப்பரால் தேய்க்காதீர்கள். துரு போய்விடும், அதோடு அளவும் போய்விடும். துணியும் டீசலும் பொறுமையும் போதும்.

- சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் ஒரு நட்டுகூட ஸ்கிராப்புக்குப் போடாதீர்கள். தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி போட்டோவும் வீடியோவும் எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். பட்டறையைச் சுத்தமாகக் கழுவிப் பளபளவென்று வைத்துவிட்டு அதன் பிறகு க்ளெய்ம் கேட்டவர்கள், நனைந்ததை நிரூபிக்க நாயாய் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

- வெறுங்காலோடு உள்ளே இறங்காதீர்கள். சேற்றுக்குள் சுருள் சுருளாகக் கிடப்பது கடைசல் சீவல், பிளேடு மாதிரி அறுக்கும். பாம்பும் இருக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். காலில் கீறல் பட்டாலும், காய்ச்சல் அடித்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், தண்ணீரில் நின்றதைச் சொல்லுங்கள்.

- கஸ்டமருக்கு "நாளைக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் என்று சொல்லிப் பத்து நாளில் கொடுத்தால் அடுத்த ஆர்டரும் வரும். அவசரத்தில் ஓட்டிய மோட்டார் எரிந்தால் ஒரு மாதம் போய்விடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். இன்று சாயங்காலம் பட்டறையைச் சாத்துவதற்கு முன் மோட்டாரின் நாலு ஃபவுண்டேஷன் போல்ட்டிலும் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் இன்றைக்கே எண்ணெய் விடுங்கள்.